பழைய பத்துச் சக்கர லாரியின் ஏர் பிரேக்: பராமரிப்பும் மேம்படுத்தலும், முழுமையான வழிகாட்டி

பெங்களூரிலிருந்து சேலம் வரும் வழியில் தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே லாரி கவிழ்ந்தால் பேப்பரில் 'பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மீட்டரில் ஏர் முழுசாக நிற்கும்போதே ஏர் பிரேக் பிடிக்காமல் போக முடியும் என்பது அந்த வரியில் இருக்காது. வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர்களிலேயே பல பேர் இதை நம்ப மாட்டார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கீழே சொல்லப்போகிற வேலையெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய பத்துச் சக்கர லாரி. டாடா 2515, லேலண்ட் 2516 மாதிரி வண்டிகள். முழு ஏர் பிரேக், எஸ் கேம், டிரம், கையால் டைட் வைக்கிற (ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்கிற) ஸ்லாக் அட்ஜஸ்டர். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். கிடையாது, நம் நாட்டில் புதுக் கனரக லாரிகளுக்கு அது பரவலாகக் கட்டாயமானதே 2015-இல்தான்.

ஏர் இருந்தும் பிரேக் போவது எப்படி

பெடலை மிதித்தால் ஏர் பிரேக் சேம்பருக்குள் போகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரம் புஷ் ராடைத் தள்ளுகிறது. புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தள்ளிக் கேம் ஷாஃப்டைத் திருப்ப, அதன் முனையில் எஸ் எழுத்து வடிவில் இருக்கும் எஸ் கேம் இரண்டு ஷூவையும் விரித்து டிரம்மில் அழுத்துகிறது. 30 டைப் சேம்பர் என்றால் டயாபிரம்மின் பரப்பு 30 சதுர அங்குலம். 7 கிலோ ஏரில் (சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம்) அது புஷ் ராடைச் சுமார் 1,350 கிலோ விசையில் தள்ளும்.

ஆனால் அந்தப் புஷ் ராடுக்குப் போக இடம் இருப்பது மொத்தமே இரண்டரை அங்குலம், அதாவது 64 மி.மீ. அதற்குள் ஷூ டிரம்மைத் தொட்டு அழுத்தி முடித்திருக்க வேண்டும். முடிவை நெருங்க நெருங்க விசை குறையும். கடைசியில் டயாபிரம் சேம்பரின் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் ஷூவுக்கு ஒன்றும் போகாது. ஏர் மீட்டர் மட்டும் ஜம்மென்று 7-இல் நிற்கும். அதனால்தான் சாதாரண 30 டைப் சேம்பருக்குப் புஷ் ராடு ஓட்டம், அதாவது அது வெளியே வரும் தூரம், 51 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 24 டைப்புக்கு 45 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நீண்ட ஓட்டச் சேம்பர் என்று தனி வகை உண்டு, அதற்குக் கணக்கு வேறு. டைப் எண் சேம்பரின் மேலேயே இருக்கும், துடைத்துப் பாருங்கள்.

இதோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 410 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி சூடேறினால் விட்டம் 1.3 மி.மீ. அளவுக்குப் பெருக்கும். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் அந்த இடைவெளியை நிரப்பப் புஷ் ராடு கிட்டத்தட்ட 10 மி.மீ. கூடுதலாக வெளியே வர வேண்டும். ஊருக்குள் 50 மி.மீ. ஓட்டத்தில் நன்றாகப் பிடிக்கிற மாதிரியே தெரிந்த பிரேக், இறக்கத்தில் 60-க்குப் போய் நின்றுவிடும்.

300 டிகிரி சும்மா சொல்லவில்லை. 25 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால், டிரம் ஒன்று 50 கிலோ என்று வைத்து, ஆறு டிரம்மும் சுமார் 175 டிகிரி ஏறும். காற்றில் கொஞ்சம் ஆறும், இன்ஜின் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் நியூட்ரலில் விட்டுக்கொண்டு வந்தால் இன்ஜின் பங்கு பூஜ்யம். அதோடு ஆறு டிரம்மில் இரண்டு வேலை செய்யவில்லை என்றால் மிச்சம் நாலு அந்தச் சூட்டையும் வாங்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஓட்டம் அளக்கும்போது ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், அப்போது வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டை மட்டுமே. சாலையோரக் கல்லை நம்பாதீர்கள். ஜாக்கியில் தூக்கினால் ஸ்டாண்ட் கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள்.

பின் ஆக்சிலில் இருக்கும் இரட்டைச் சேம்பருக்குள் ஹேண்ட் பிரேக்கின் பெரிய ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பின் பகுதியின் கிளாம்பை ஒருபோதும் பிரிக்க வேண்டாம். பிரித்த வேகத்தில் மூடி பாய்ந்து வந்து ஆளையே கொல்லும். சேம்பரைக் கழற்ற வேண்டி வந்தால் கூடவே வருகிற நீளப் போல்ட்டைப் பின் ஓட்டையில் விட்டு, கால் சுற்றுத் திருப்பி மாட்டி, நட்டை முறுக்கி ஸ்பிரிங்கை அடக்கிக்கொண்டு அப்புறம் கை வையுங்கள். ஸ்பிரிங் பகுதியே போய்விட்டது என்றால் முழு யூனிட்டாக மாற்றுவதுதான் சரி. பழைய சேம்பரைக் காயலான் கடைக்குப் போடும்போதும் அந்தப் போல்ட் உள்ளேயே இருக்கட்டும்.

டிரம் கழற்றியதும் ஏர் பிடித்துத் தூசியை ஊதுவது பட்டறைகளில் பழக்கம். பழைய லைனரில் (ஷூவின் மேல் பதித்திருக்கும் உராய்வுப் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

முதலில் ஏர் பக்கம்

தினமும் வண்டி ஓட்டி முடித்ததும் எல்லா டேங்கிலும் தண்ணீர் இறக்க வேண்டும். இதைக் கிளீனரிடம் விட்டுவிட்டு மறந்துபோகாமல், வாரம் ஒரு முறை நீங்களே திறந்து, வருவது என்ன என்று பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் சரி. எண்ணெய் கலந்து கறுப்பாகவோ பால் மாதிரியோ வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்து ஆயில் தள்ளுகிறது. அந்த ஆயில் வால்வுகளின் ரப்பரையும் டயாபிரம்மையும் ஊதிப் போகச் செய்யும். கம்ப்ரஸரைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது பணத்துக்குத்தான் கேடு.

அடுத்தது லீக் சோதனை. முழு ஏர் ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, பெடலை நன்றாக மிதித்துப் பிடியுங்கள். முதலில் இறங்குவதை விட்டுவிட்டு, அதற்கப்புறம் ஒரு நிமிஷம் மீட்டரைப் பாருங்கள். 0.2-க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் ஒருவர் மிதித்திருக்க, இன்னொருவர் சோப்புத் தண்ணீரோடு அடியில் போக வேண்டியதுதான். மிதிக்கும்போது மட்டும் லீக் என்றால் டயாபிரம், ரிலே வால்வு, சேம்பருக்குப் போகும் ஹோஸ். மிதிக்காதபோதும் லீக் என்றால் டேங்க், மெயின் லைன், ஹேண்ட் பிரேக் பக்கம். பின் சேஸிஸில் உரசி உரசி மெலிந்த நைலான் டியூப் பழைய வண்டிகளில் சகஜம். நடுவில் வெட்டி ரப்பர் டியூபைச் சொருகிக் கம்பி கட்டி வைத்திருப்பதும் சகஜம். அதைப் பார்த்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் ஆஃப் நிலையிலேயே பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து ஏரை இறக்குங்கள். 4-க்கு வருவதற்குள் எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ அடிக்க வேண்டும். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று வயரைப் பிடுங்கிவிட்ட வண்டிகள் நிறைய உண்டு. பிறகு இன்ஜினைப் போட்டு நல்ல ரேஸில் வைத்து ஏற்றுங்கள். 6-லிருந்து 7-க்கு ஏற 45 விநாடிக்கு மேல் ஆனால் கம்ப்ரஸரையோ லீக்கையோ பார்க்க வேண்டும்.

ஓட்டம் அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். தேவை ஒரு சாக்பீஸ், ஒரு இரும்பு ஸ்கேல், கேபினில் ஒரு ஆள்.

டிரம்கள் ஆறியிருக்க வேண்டும். ஏர் 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கட்டும், இன்ஜின் ஆஃப், சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக் எடுத்த நிலை. ஒவ்வொரு சேம்பரிலும் புஷ் ராடு வெளியே வரும் இடத்தில், சேம்பரின் முகத்தை ஒட்டி ராடில் ஒரு கோடு போடுங்கள். கேபினில் இருப்பவரை முழுசாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு எவ்வளவு தூரம் வெளியே வந்தது என்று அளந்து, தார்ப்பாய் ரசீதின் பின்னாலாவது எழுதிக்கொள்ளுங்கள். ஆறு சக்கரத்துக்கும் ஆறு எண்.

சரியாக டைட் வைத்த 30 டைப்பில் 30 முதல் 40 மி.மீ.க்குள் வரும். ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முழுசாக மிதித்த நிலையில் புஷ் ராடும் ஸ்லாக் கையும் கிட்டத்தட்ட செங்கோணமாக நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். கோணம் தப்பினால் விசையில் ஒரு பங்கு வீணாகிறது.

அடுத்து, மிதிக்காமல் ஸ்லாக் கையைக் கடப்பாறை போட்டு நெம்புங்கள். ஷூ டிரம்மைத் தொடும்வரை புஷ் ராடு 10 முதல் 16 மி.மீ. நகர வேண்டும். இது சரியாக இருந்தும் மிதிக்கும்போது ஓட்டம் 50-ஐத் தொடுகிறது என்றால் டைட் வைத்துப் பயனில்லை. கேம் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் (bush) தேய்ந்திருக்கும், அல்லது சேம்பர் பிராக்கெட் வெடித்து வளையும், அல்லது டிரம் விரிசல் விட்டிருக்கும். பட்டறையில் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இரண்டாவது அளவைத்தான்.

டைட் வைப்பது: ஸ்லாக்கின் அறுகோணத் தலையைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் காலர் இருக்கும். ஸ்பேனரால் அதை உள்ளே அமுக்கிக்கொண்டு திருப்பவும். கேம் ஷாஃப்ட், பிரேக் பிடிக்கும்போது திரும்புகிற அதே பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். ஷூ முழுசாகப் பிடித்ததும் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று பின்னால் விடுங்கள். ஸ்பேனரை எடுத்ததும் அந்தக் காலர் டக்கென்று வெளியே வந்து தலையைப் பிடிக்க வேண்டும். சேறும் துருவும் ஏறிய பழைய ஸ்லாக்கில் அது உள்ளேயே சிக்கி நிற்கும். நின்றால் நீங்கள் வைத்த டைட் சேலம் போய்ச் சேரும்வரைகூட நிற்காது.

டிரம் சூடாக இருக்கும்போது டைட் வைக்க வேண்டாம். பெருத்த டிரம்முக்கு வைத்த டைட், டிரம் ஆறிச் சுருங்கியதும் ஷூவைக் கவ்விக்கொள்ளும். பாதி இறக்கத்தில் நிறுத்தி டைட் வைத்துவிட்டு, அப்புறம் சக்கரம் ஏன் புகைகிறது என்று கேட்பது இதனால்தான்.

முன் சக்கரத்தைப் பற்றி ஒன்று. ஸ்டியரிங் இழுக்கிறது என்று முன் பிரேக்கை வேண்டுமென்றே லூஸ் விடுகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் சாய்கிறது; அப்போது அங்கே பிடிமானமும் கூடுகிறது. இழுத்தால் இரண்டு பக்கத்தையும் சமமாக்குங்கள், பிரேக்கை எடுத்துவிடாதீர்கள்.

கழற்றிப் பார்க்கும்போது

லைனரின் நடுப்பகுதி 6 மி.மீ.க்கு வந்தாலோ, ரிவெட் தலை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாலோ மாற்ற வேண்டியதுதான். ஆயில் சீல் போய்க் கிரீஸ் நனைத்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் வாட்டித் திரும்பப் போடுவார்கள். மேல்புறம் காய்ந்த மாதிரி தெரியும், சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி, லைனரையும் மாற்றுங்கள். மாற்றும்போது ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே கிரேடு. லைனர் கட்டுபவரிடம் ரிவெட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் லைனர் ஷூவோடு ஒட்டி உட்காரும்.

டிரம்மில் மெல்லிய சூட்டுக் கோடுகள் இருந்தால் பயமில்லை. விரல் நகம் சிக்குகிற, ஓரம்வரை ஓடுகிற விரிசல் இருந்தால் டிரம் போச்சு, வெல்டிங் எல்லாம் வேண்டாம். நீலம் பாரித்திருந்தால் அந்தச் சக்கரம் அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம், அதன் எதிர்ப் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே வார்த்திருக்கும், அந்த எண்தான் இறுதி. லேத்தில் கடைந்தால் அதற்கு 1 மி.மீ. முன்னாலேயே நிறுத்த வேண்டும், தேய மிச்சம் வேண்டுமல்லவா. கடைந்த டிரம்முக்குச் சாதாரண லைனர் போட்டால் நடுவில் மட்டும்தான் தொடும். ஓவர்சைஸ் கேட்டு வாங்குங்கள்.

கேம் ஷாஃப்டைக் கடப்பாறையால் மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். முக்கால் மி.மீ.க்கு மேல் ஆடினால் புஷ் மாற்ற வேண்டும். ரோலர், பின், ரிட்டர்ன் ஸ்பிரிங் எல்லாம் லைனர் மாற்றும் போதே புதிதாகப் போட்டுவிடுங்கள், சில்லறைச் செலவுதான்.

மேம்படுத்துவது என்றால் எதை

மேலே சொன்னதெல்லாம் சரியான பிறகுதான் இந்தப் பேச்சு. தேய்ந்த புஷ்ஷுக்கு மேலே புதுப் பாகம் மாட்டுவது வீண்.

என் கணக்கில் முதல் இடம் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டருக்கு. லைனர் தேயத் தேய அதுவே டைட் வைத்துக்கொள்ளும். ஆறு சக்கரமும் ஒரே அளவில் நிற்கும், கிளீனரின் ஞாபகத்தை நம்பி இருக்க வேண்டாம். ஆனால் ஒரு ஆக்சிலுக்கு ஜோடியாக மாற்ற வேண்டும், முடிந்தால் ஆறையும் சேர்த்து. கேம் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை, கையின் நீளம் இரண்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கட்டுப்பாட்டுக் கை என்று ஒன்று ஆக்சிலோடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிராக்கெட் ஆடினால் ஸ்லாக் ஏமாந்து தப்பாக டைட் வைக்கும். மாட்டியதும் கையால் ஷூ தொடும்வரை திருப்பி, தயாரிப்பாளர் சொன்ன அளவு (பல மாடல்களில் முக்கால் சுற்று) பின்னால் விட்டு, முழு ஏரில் பத்துப் பதினைந்து முறை மிதித்தால் அதுவே தன் இடத்துக்கு வரும்.

அப்புறம் அதில் ஸ்பேனர் வைக்காதீர்கள். ஆட்டோ ஸ்லாக் போட்ட வண்டியில் ஓட்டம் கூடினால் ஸ்லாக்கோ, புஷ்ஷோ, பிராக்கெட்டோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். கையால் டைட் வைத்தால் அன்றைக்கு மட்டும் நோய் மறையும், அதோடு உள்ளே இருக்கும் கிளட்சும் தேயும். கிரீஸ் மட்டும் தவறாமல் அடியுங்கள்.

இரண்டாவது, ஏரிலிருந்து ஈரத்தை எடுக்கிற ஏர் டிரையர். இல்லாத வண்டியில் போட்டால் டேங்க் துருவும் வால்வுக் கோளாறும் பாதியாகக் குறைந்த மாதிரி உணர்வீர்கள். இருக்கிற வண்டியில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். மூன்றாவது, புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக். பல பழைய வண்டிகளில் அது இருக்கும், ஆனால் பட்டர்ஃபிளை வால்வு கரி பிடித்து இறுகிக் கிடக்கும், சுவிட்ச் வயர் அறுந்திருக்கும். அதை உயிர்ப்பித்தாலே இறக்கத்தில் டிரம் வாங்கும் சூடு கண்கூடாகக் குறையும். பெரிய செலவில்லாத மேம்பாடு இதுதான்.

ஏ.பி.எஸ். பிறகு மாட்டலாமா என்று கேட்பார்கள். ஹப்பில் பல் வளையம், சென்சார், மாடுலேட்டர், கணினிப் பெட்டி, வயரிங் என்று வேலை பெரியது. வண்டித் தயாரிப்பாளரின் கிட் இருந்து அவர்கள் ஆளே மாட்டினால் சரி. இல்லாவிட்டால் அந்தப் பணத்தை ஆட்டோ ஸ்லாக்கிலும் நல்ல லைனரிலும் போடுங்கள். பெரிய சேம்பர், நீளமான ஸ்லாக் கை போட்டால் பிரேக் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெறும் வண்டியில் சக்கரம் லாக் ஆகும், ஓட்டத்துக்கான இடம் சீக்கிரம் தீரும், பிராக்கெட் வெடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை அனுமதிப்பதில்லை. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அதைத்தான்.

வேலை முடிந்து சாலைக்கு வந்தபின்

புது லைனர் டிரம்மோடு முழுசாகப் பொருந்தச் சில நாள் ஆகும். வெறும் வண்டியில் 40, 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து, நடுவில் ஆறவிட்டு, பல முறை செய்யுங்கள். லைனர் மாற்றிய மறுநாளே சிமென்ட் ஏற்றிக்கொண்டு கணவாய் இறங்க வேண்டாம்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் ஆறு டிரம்மையும் அளந்து பாருங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தக் கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். தனியாகக் கொதிக்கிற சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறிப்போய் இருக்கிற சக்கரம் வேலையே செய்யவில்லை. அதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது புகையாது, நாறாது, யாருக்கும் தெரியாது.

இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாலேயே குறைந்த கியரைப் போட்டுவிடுங்கள், பாதியில் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, வேகம் கூடும்போது நன்றாக ஒரு பிடி பிடித்து 10 கி.மீ. குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வருவதும், பதறிப் படபடவென்று மிதித்து ஏரைக் காலி செய்வதும் இரண்டும் தப்பு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற டிரைவருக்கு எந்தப் புதுப் பாகமும் உதவாது. புகை வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கட்டை கொடுத்து, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிக்கும்.

எட்டு வருஷத்துக்கு மேலான வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம் வரும். அதற்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் டைட் வைத்து எடுத்துப் போகிற வேலை வேண்டாம். மாதம் ஒரு முறை அளந்த ஆறு எண்ணையும் வண்டியிலேயே ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். டிரைவர் மாறினாலும் நோட்டு இருக்கும். ஐந்து சக்கரம் ஒரே மாதிரி நகர, ஒன்று மட்டும் மாதத்துக்கு மாதம் தாவினால், எந்த டிரம்மை முதலில் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக்கிடம் நீங்களே சொல்லலாம்.